பட்டாளத்து வக்கீலுக்கு நீச்சல் தெரியாது

"எந்தச் சட்டத்துல இருக்கு?" என்று கேட்காமல் அவளுக்குப் பொழுது போகாது. ஈரத் தலையோடு வெறும் வயிற்றில் நிற்காதே என்று என் மனைவி தங்கம் சொன்னால் அதற்கும் அந்தக் கேள்விதான். மீன் கூடையை பஸ்ஸில் ஏற்ற மாட்டேன் என்ற கண்டக்டரிடம் அதையே கேட்டு, அவர் விசிலை வாயிலிருந்து எடுக்கவிடாமல் செய்தவள். ஒரு காலையில் குளத்துத் தண்ணீர் மூக்கில் ஏறி, இருமி இருமிக் கண் சிவந்து நின்றபோது தண்ணீரைப் பார்த்தும் கேட்டாள்.

"என்னைய மட்டும் உள்ள இழுக்கணும்னு எந்தச் சட்டத்துல இருக்கு?"

தண்ணீர் பதில் சொல்லவில்லை. அவள் மறுபடியும் இறங்கினாள்.

அவள் பெயரை நான் எழுதப் போவதில்லை. பட்டாளத்தில் இருப்பவள், பெயர் வெளியே அடிபடுவது அங்கே பிடிக்காதாம். எனக்கும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை. நான் கூச்சக்காரன். எதிரே பெண்பிள்ளைகள் வந்தால் வரப்பிலிருந்து வயலுக்குள் இறங்கி வழிவிடுகிறவன். அவளை 'பிள்ளே' என்பேன். தங்கம் 'மக்கா' என்பாள், கோபம் வந்தால் 'ஏட்டி' என்பாள். 'ஏட்டி'தான் அதிகம்.

அப்போது சுசீந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு குளத்தைத் தாமரைக்குக் குத்தகை எடுத்திருந்தேன். லாரி டியூபில் காற்றடைத்து, அதன்மேல் கவிழ்ந்து படுத்து, கையால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே போய் மொட்டுப் பறிப்பது என் தொழில். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து பெரும்பாலும் தண்ணீரில்தான் இருந்திருக்கிறேன். தண்ணீரில் இருக்கிறவனிடம் யாரும் வந்து பேச்சுக் கொடுக்க மாட்டார்கள்.

அவளுடைய அம்மா கடியப்பட்டணத்திலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டு வருகிறவர். ஒரு நாள் சாளை மீனை எண்ணிப் போட்டபடியே தங்கத்திடம் சொன்னார்.

"ஏட்டி தங்கம், எனக்க மவளுக்கு ஒரு கொளம் வேணும்."

"கொளமா? மாப்பிள்ளை வேணும்னாத் தேடித் தரலாம். கொளத்துக்கு எங்க போவேன்?"

"மாப்பிள்ளைய அவளே தேடிக்கிடுவா. வக்கீலுக்குப் படிச்சிட்டுப் பட்டாளத்துல ஆப்பீசரா இருக்காளே, அவளாக்கும். லீவுல வந்திருக்கா. நீந்தப் படிக்கணுமாம்."

தங்கம் சிரித்த சிரிப்பில், மீன் தலைக்குக் காத்திருந்த பூனை மதில் ஏறிவிட்டது. "கடல வாசல்ல வச்சிக்கிட்டு கொளத்துக்கு வாறாளா?"

அந்த அம்மா சிரிக்கவில்லை. "நீ கடல்ல எறங்கி நீந்தின பொம்பளைய எங்கயாவது கண்டிருக்கியா? கடலு ஆம்பிளையளுக்கு. எங்களுக்குக் கரைதான்."

கேட்டபிறகுதான் எனக்கும் உறைத்தது. எங்கள் பக்கத்து வயல்காட்டுப் பெண்கள் குளத்திலும் ஆற்றிலும் தாரா வாத்தைப் போல நீந்துவார்கள். தங்கம் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினால் நான் டியூபோடு பின்னால் போக வேண்டியதுதான். கடற்கரையில் பிறந்த பெண்கள் மீனை ஏலம் எடுப்பார்கள், அறுப்பார்கள், சுமப்பார்கள், விற்பார்கள். தண்ணீரில் இறங்கி நீந்துவதற்கு அவர்களை யாரும் விட்டதில்லை. அங்கே அலையும் அப்படி. அதைவிடப் பெரிய அலை, கரையில் நின்று பார்க்கிறவர்களின் வாய். அவள் படத்தைப் போட்டு 'எங்கள் ஊரின் முதல் ராணுவ வழக்கறிஞர்' என்று ஊர் முகப்பில் ஃபிளெக்ஸ் போர்டு வைத்திருந்தார்கள். அந்த போர்டுக்குக் கீழே போய் அவள் நீச்சல் பழக முடியுமா?

மறுநாள் காலை ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். காதுக்கு மேலே வெட்டிய முடி. நெற்றியில் தொப்பி இருந்த இடம் வெளுத்தும் அதற்குக் கீழே முகம் கறுத்தும் கோடு போட்டது போல இருந்தது. முழங்கை இரண்டிலும் ஊர்ந்து ஊர்ந்து காய்த்த தழும்பு. வீட்டு வாசலில் நான் கழற்றிப் போட்டிருந்த ரப்பர் செருப்பைக் குனிந்து ஜோடி சேர்த்து, குதிகால் நேராக வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தாள். அவள் வந்துபோன நாட்களில் எங்கள் வீட்டுச் செருப்புகள் எல்லாம் அணிவகுப்பில் நின்றன.

தண்ணீரில் இறங்குவதற்கு முன் குளத்துக் கரையை ஓடிச் சுற்றுவாள். முதுகில் பள்ளிக்கூடப் பை. அதற்குள் கடல் மணல். அங்கே இதைவிடக் கனமாகச் சுமந்து ஓட வேண்டும், லீவில் விட்டால் உடம்பு மறந்துவிடும் என்றாள்.

அந்தக் கரையில் காலை நடைக்கு வருகிற பெரியவர் ஒருவர் உண்டு. மழையோ வெயிலோ, கையில் குடை. குளத்து விவகாரம் எல்லாவற்றிலும் அவர் சொல்தான் ஊருக்குள் எடுபடும். நாங்கள் அவரைக் குடைக்காரர் என்போம். அவர் அவளை மறித்தார்.

"பையில என்ன?"

"மண்ணு."

"எங்கயுள்ள மண்ணு?"

"எங்க ஊரு மண்ணு. கடக்கரை."

"கடல் மண்ண அள்ளிட்டு வாறது குத்தம், தெரியுமா?"

அவள் நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டு பதில் சொன்னாள். "தெரியும், அண்ணாச்சி. லாரி லாரியாப் போச்சே, அப்பம் இந்தக் குடை எங்க நின்னுச்சு?"

குடைக்காரர் எங்களுக்கு எதிரியானது அன்றைக்குத்தான்.

சாப்பாட்டில் அவள் வேகம் எங்களுக்குப் புதிது. மரச்சீனிக் கிழங்கும் சாளைக் கறியும் வைத்தால், நான் முதல் முள்ளை எடுத்துப் போடுவதற்குள் அவள் கை கழுவியிருப்பாள். பயிற்சிக் காலத்தில் வந்த பழக்கமாம். தட்டில் கை வைக்கும்போதே வெளியே விசில் அடிப்பார்களாம். அடித்தால் விட்டுவிட்டு ஓட வேண்டும்.

"ஆப்பீசருக்கா இந்தக் கதி?" என்று தங்கம் கேட்டாள்.

"இது என்ன கதி? தப்பு செஞ்சா தரையில உருளச் சொல்லுவாவ. பக்கத்துல நிக்கிறவ தப்பு செஞ்சாலும் சேர்ந்து உருளணும்."

"அது சட்டப்படி சரியாட்டி?"

"சரியில்லதான். ஆனா உருண்டு முடிச்ச பொறவுதான் கேக்க முடியும்."

"நீ கேட்டியா?"

"கேட்டேன். திரும்பவும் உருளச் சொன்னாவ."

தங்கத்துக்குச் சிரித்துப் புரையேறியது. அவள் சிரிக்கவில்லை. உருண்ட கணக்கு ஒன்று அவளிடம் பாக்கி இருக்கிறது என்று அவள் முகத்திலேயே தெரிந்தது.

வேலையில் சேர்ந்த இடத்தைப் பற்றியும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்வாள். எந்த ஊர் என்று சொன்னதில்லை. குளிரும் ஊர், அவ்வளவுதான். விடியும்போது ஜவான்களோடு ஓட்டம். வக்கீல் என்பதால் வர வேண்டாம் என்றார்களாம். எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போய் நின்றிருக்கிறாள். ஓட்டத்தில் இவள்தான் கடைசி. பையன்கள் மரியாதைக்கு வேகத்தைக் குறைத்து இவள் கூடவே வந்திருக்கிறார்கள். "எனக்குத் துணைக்கு ஆளு கேட்டேனா?" என்று கத்தினாளாம். மறுநாள் அவர்கள் இவளை விட்டுவிட்டு ஓடிப் போனார்கள்.

"அன்னைக்குத்தான் அண்ணே அங்க எனக்குச் சந்தோஷம் வந்துச்சு," என்றாள்.

ஓட்டம் முடிந்தால் குளித்து, சீருடை மாட்டி, ஆபீஸ். இவள் வயதைவிட அதிக காலம் பட்டாளத்தில் இருந்த ஒரு சுபேதார், இவள் உட்காரும் வரை எழுந்து நிற்பாராம். இவள் பூட்ஸைத் துடைத்துக் கொடுக்க ஒரு ஆள் வருவானாம். அவனை உட்கார வைத்துவிட்டு இவளே துடைப்பாளாம். மத்தியானம் மேசையில் கத்தியும் முள்கரண்டியும் வைத்துச் சாப்பாடு. ஒரு நாள் மீன் வந்திருக்கிறது. முள்ளெல்லாம் எடுத்த மீன். இது மீனே இல்லை என்று சொல்லிவிட்டுக் கையால் சாப்பிட்டிருக்கிறாள். எதிரே இருந்தவர்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அவளும் அவர்களைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள்.

சாயங்காலம் வரை ஃபைல். லீவு முடிந்து திரும்பாதவன், சண்டை போட்டவன், மேலதிகாரியை ஏசியவன். பட்டாளத்துக்காரன் தப்புச் செய்தால் விசாரணை பட்டாளத்துக்குள்ளேயே நடக்கும். விசாரிக்கலாமா, எந்தக் குற்றத்துக்கு விசாரிக்கலாம் என்று சட்டம் பார்த்து எழுதிக் கொடுப்பது இவளுடைய ஆபீஸ். "ஒவ்வொரு ஃபைலுக்குள்ளயும் ஒருத்தன் இருக்கான், அண்ணே. மூடி வச்சா அவனுக்கு மூச்சு முட்டும்," என்பாள்.

ஏன் திடீரென்று நீச்சல் என்று நான் கேட்கவில்லை. எனக்குக் கேட்க வராது. தங்கம் கேட்டாள். படித்துறையில் துணி பிழிந்துகொண்டிருந்தபோது அவள் சொன்னாள்.

அங்கே ஆற்றைக் கடக்கிற பயிற்சிக்காக வெட்டிய ஒரு குளம் இருந்தது. உயரத்தில் ஒரு பலகை. அதில் நின்று குதித்து அக்கரைக்கு நீந்த வேண்டும். ஒரு ஜவான், தண்ணீரே இல்லாத ஊரில் பிறந்தவன், பலகையில் ஏறி நின்றவன் குதிக்கவில்லை. குதி என்று உத்தரவு. குதிக்கவில்லை. மறுபடியும் உத்தரவு. பலகையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். உத்தரவை மீறியதாக அவன்மேல் வழக்கு. அந்த ஃபைல் இவள் மேசைக்கு வந்தது. கருத்தை எழுத வேண்டியது இவள். கையெழுத்துப் போடுவது இவளுக்கு மேலே இருப்பவர்.

"அதே வாரம் ஆப்பீசர்மாருக்கும் அந்தப் பலகை. நானும் ஏறினேன். கீழ பாத்தேன், அக்கா. காலு ரெண்டும் எனக்கதில்ல. அப்பம் மேலதிகாரி கீழ நின்னு சொன்னாரு, 'வக்கீலுக்கு இது வேண்டாம், எறங்கி வந்து டீ குடிங்க'ன்னு. எறங்கிட்டேன். டீயும் குடிச்சேன்."

பிழிந்த துண்டை உதறினாள்.

"அவனும் அந்தப் பலகையில நின்னான். நானும் நின்னேன். ரெண்டு பேருக்கும் நீச்சல் தெரியாது. எனக்கு டீ. அவனுக்கு ஜெயிலு. அந்த டீ இன்னும் தொண்டையில நிக்குது, அக்கா."

"ஒனக்கு நீச்சல் தெரியாதுன்னு அவங்களுக்குத் தெரியாதா?"

"பயிற்சியிலயே கடக்கரைக்காரின்னு தெரிஞ்ச ஒடன, நீந்தத் தெரிஞ்சவங்க கூட்டத்துல நிறுத்திட்டாவ. வாயத் தொறந்தா எங்க அப்பனுக்குக் கேவலம்லா, கடலுக்குப் போறவன் மவளுக்கு நீச்சல் தெரியாதுன்னா? கொளத்து வெளிம்பப் பிடிச்சே கரை சேந்தேன்."

லீவு முடிந்து திரும்பியதும் ஃபைலைத் திறக்க வேண்டும். திறப்பதற்கு முன் அந்தப் பலகையில் ஏறிக் குதிக்க வேண்டும். குதிக்காமல் திறக்க மாட்டேன் என்றாள். அதற்குத்தான் நீச்சல்.

தங்கம் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டாள். "சரி, நீ குதிச்சிட்டே. அதுல அந்தப் பயலுக்கு என்ன லாபம்? 'பொம்பள வக்கீலே குதிச்சிட்டா, ஒனக்கென்னலே'ன்னு அவனத்தான ஏசுவாவ?"

அவள் துண்டைப் பையில் திணித்தாள். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

எங்கள் பக்கத்தில் நீந்தப் பழகுகிறவர்களுக்கு நெற்றுத் தேங்காய் இரண்டைச் சேர்த்துக் கட்டி நெஞ்சுக்கடியில் மிதவையாகக் கொடுப்போம். தங்கம் கட்டிக் கொண்டுவந்ததை அவள் வாங்கவில்லை.

"அங்க பலகைக்குக் கீழ தேங்காய் கட்டி வச்சிருப்பாவளா, அக்கா?"

"வச்சிருக்க மாட்டாவ."

"அப்பம் இங்கயும் வேண்டாம்."

என் டியூபும் வேண்டாம் என்றாள். தாமரை இல்லாத பக்கம், படித்துறையை ஒட்டி அவள் இறங்குவாள். நான் டியூபோடு தூரத்தில் நிற்க வேண்டும். "நான் கூப்பிடாம வராதீங்க, அண்ணே."

"முங்கிப் போனா எப்படிக் கூப்பிடுவே, பிள்ளே?"

"அது எனக்க பாடு."

முங்கினாள். தினமும் முங்கினாள். தண்ணீரை அடித்தாள், குத்தினாள், உதைத்தாள். தங்கம் பக்கத்தில் மிதந்தபடி கத்துவாள். "கைய இப்படி அடிக்காதேட்டி! தண்ணி என்ன ஒனக்க எதிர்க்கட்சி வக்கீலா?" ஒரு நாள் தலை உள்ளே போய்க் கொஞ்ச நேரம் ஆனது. பயந்துபோய் டியூபைத் தள்ளிக்கொண்டு போய்விட்டேன். மூச்சு வாங்க மேலே வந்தவள், டியூபை ஒரு தள்ளு தள்ளினாள்.

"கூப்பிட்டேனா? நான் ஒங்களக் கூப்பிட்டேனா, அண்ணே?"

அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. மறுநாள் நெத்திலிக் கருவாடு ஒரு பொதி கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள்.  அதற்குப் பிறகு கொஞ்சம் மிதந்தாள். பார்க்க அழகாக இருக்காது. கன்றுக்குட்டி தண்ணீரில் விழுந்தது போலக் கழுத்தை நீட்டிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, படித்துறையிலிருந்து முதல் தாமரை இலை வரை போய்த் திரும்பினாள்.

அதற்குள் குடைக்காரர் ஊரில் பேசி முடித்திருந்தார். நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு வந்து கரையில் நின்றார்.

"ஏலே, ஒனக்குக் கொளத்தத் தந்தது தாமரை பறிக்க. கடக்கரைக்காரிக்கு டிரவுசரப் போட்டுக்கிட்டு நீந்த இல்ல."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் தண்ணீரிலிருந்து ஏறி வந்து அவருக்கு நேரே நின்றாள்.

"கொளம் ஆருக்க, அண்ணாச்சி?"

"ஊருக்க."

"ஊருன்னா நீங்களா?"

"அரசாங்கத்துக் கொளம்ட்டி. நாங்க பாத்துக்கிடுதோம்."

"அரசாங்கம் குளிக்கக் கூடாதுன்னு எங்கயாவது எழுதி வச்சிருக்கா? எந்தச் சட்டத்துல இருக்குன்னு சொல்லுங்க, இப்பமே போறேன்."

"சட்டம் பேசாதே."

"வேற என்ன பேசட்டும்? நான் படிச்சது அதாக்கும்."

கூட வந்தவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். குடைக்காரருக்கு முகம் கறுத்தது. அவளிடம் சொல்ல முடியாததை என்னிடம் சொன்னார். "நீ செத்தா இவ வருவாளா? இவ செத்தா ஊருதான் பதில் சொல்லணும். அடுத்த குத்தகைக்கு நீ எப்படி வந்து நிக்குதேன்னு பாக்குதேன்."

அவர்கள் போன பிறகு அவள் முதல் தடவையாக என்னிடம் தயங்கினாள். "அண்ணே, நான் வேற கொளம் பாக்கட்டா?"

 தங்கம் முந்திக்கொண்டாள். "எந்தச் சட்டத்துலட்டி இருக்கு?"

அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

லீவின் கடைசி நாள். மறுநாள் இரணியலில் அவளுக்கு ரயில். குளத்தின் தென்கோடியில் வயலுக்குத் தண்ணீர் திறக்கிற மடை இருந்தது. மடைச் சுவர் ஆள் உயரத்துக்கு மேல். அதன் கீழே ஆழம். தாமரையும் அங்கே வரைக்கும் படர்ந்திருந்தது. ஓடி முடித்துப் பையைக் கழற்றியவள், படித்துறைப் பக்கம் வராமல் நேரே மடைக்குப் போனாள்.

"இன்னைக்கு வேண்டாம் மக்கா, அடுத்த லீவுல பாப்போம்," என்று தங்கம் கூப்பிட்டாள்.

"அடுத்த லீவு வரை அவன் ஃபைலுக்குள்ள இருக்கணுமா, அக்கா?"

ஏறிவிட்டாள். நான் டியூபை எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன். குடைக்காரரும் ஆட்களும் கரையில் வந்துகொண்டிருந்தார்கள். சுவரின்மேல் நிற்கிறவளைப் பார்த்ததும் ஓடத் தொடங்கினார்கள். "எறங்குட்டி! ஏட்டி, எறங்கு!"

அவள் அவர்களைப் பார்க்கவில்லை. கீழே தண்ணீரைப் பார்த்தாள்.  அந்தப் பையன் பலகையைக் கட்டிப் பிடித்து உட்கார்ந்தது போல இவளும் குந்தினாள். கையால் சுவரைத் தொட்டாள். இறங்கிவிடுவாள் என்று நினைத்தேன். உண்மையில், இறங்கிவிடட்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன். எழுந்தாள். கண்ணை மூடவில்லை. குதித்தாள்.

தாமரை இலைகள் விலகி, மறுபடியும் சேர்ந்துகொண்டன. அவளைக் காணவில்லை.

"போடுலே டியூப! இழுலே அவள!" குடைக்காரர் கரையிலிருந்து கத்தினார். குடையைக் கீழே போட்டிருந்தார். தங்கம் துணியோடு தண்ணீரில் பாய்ந்தாள்.

என் கை டியூபில் இருந்தது.  ஒரே ஒரு தள்ளுதான் தூரம். அவர் மறுபடியும் கத்தினார். அந்த ஊரில் பிறந்து வளர்ந்து அதுவரை அவருக்கு எதிர்ப் பேச்சுப் பேசாத நான் திரும்பிப் பார்த்துச் சொன்னேன்.

"அவ கூப்பிடல்ல."

"என்னலே?"

"அவ இன்னும் என்னைக் கூப்பிடல்ல, அண்ணாச்சி!"

அவ்வளவு சத்தமாக நான் பேசுவேன் என்று எனக்கே தெரியாது. அந்த நேரத்தில் இலைகளுக்கு நடுவே ஒரு கை வந்தது. பிறகு தலை. தண்டுகளை இரண்டு கையாலும் கிழித்துக்கொண்டு, துப்பிக்கொண்டு, கழுத்தை நீட்டிக்கொண்டு வந்தாள். என்னைக் கடந்துதான் போனாள். டியூபை எட்டித் தொட்டிருக்கலாம். தொடவில்லை. தங்கம் பக்கத்தில் போய் ஒரு கையை நீட்டினாள். அதையும் தொடவில்லை. படித்துறை வரை போய்க் கல்லில் நெஞ்சை வைத்துக் கிடந்தாள். தாமரை முள் கிழித்த கோடுகள் கை முழுவதும் சிவந்திருந்தன.

தங்கம் அவள் தலையைத் துவட்டினாள்.  கை நடுக்கம் நிற்கவே இல்லை. அந்த நடுங்குகிற கையை அவளே தூக்கி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்தப் பயலுக்கு என்ன லாபம்னு நீங்க கேட்டதுக்கு இப்பம் சொல்லுதேன். குதிச்ச பொறவும் பயம் போகல்ல. பாருங்க. நீந்தத் தெரிஞ்ச பொறவும் போகல்ல. நீந்தவே தெரியாத ஒருத்தன அங்க நிறுத்திக் குதிக்கச் சொன்னது தப்பு. டீ குடிச்சவ அத எழுதினா, பயந்தாங்கொள்ளிக்குப் பயந்தாங்கொள்ளி துணைன்னு சொல்லுவாவ. குதிச்சவ எழுதினா என்ன சொல்லுவாவ? அந்தப் பலகையில இருந்து குதிச்சிட்டு எழுதுவேன். எனக்கு நீச்சல் தெரியாம இருந்ததையும் எழுதுவேன்."

"ஒனக்க அப்பனுக்குக் கேவலம்னியே?"

"அப்பனுக்க கேவலத்த அப்பன் பாத்துக்கிடட்டும்."

அப்படித்தான் குதித்தாள், எழுதினாள் என்பதும், மேலதிகாரி முன்னால் நிற்க வேண்டி வந்தது என்பதும், நின்று அவரிடமும் எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று கேட்டாள் என்பதும், அந்தப் பையனுக்கு ஜெயில் இல்லை, நீந்தப் பழக்கி வேலையில் வைத்திருக்கிறார்கள் என்பதும் பிறகு அவள் அம்மா மீன் கூடையோடு கொண்டுவந்த சேதிகள். அடுத்த குத்தகை எனக்குக் கிடைக்கவில்லை. இப்போது வேறு குளத்தில் பறிக்கிறேன். அன்று காலை இதெல்லாம் யாருக்கும் தெரியாது.

குடைக்காரர் படித்துறைக்கு வந்துவிட்டார். ஓடி வந்ததில் அவருக்கும் மூச்சு வாங்கியது. கூட வந்தவர்களைப் பார்த்துச் சொன்னார். "குதிக்கவும் இல்ல ஒண்ணும் இல்ல. கால் வழுக்கி விழுந்திட்டா. நல்ல காலம், பிழைச்சா."

அவர்களும் தலையை ஆட்டினார்கள். ஊருக்குள் போகும்போது கதை அப்படித்தான் போகும் என்று எனக்குத் தெரிந்தது.

அவள் தலையிலிருந்த துண்டை எடுத்து, நான்காக மடித்து, கல்லின்மேல் வைத்தாள். காற்சட்டையை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"இங்கயே நில்லுங்க, அண்ணாச்சி. போயிராதீங்க," என்றாள். "இப்பம் நல்லாப் பாத்துக்கிடுங்க."

மடைச் சுவரைப் பார்த்து நடந்தாள். நான் டியூபைக் கரையில் இழுத்துப் போட்டுவிட்டுத் தங்கத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.